சின்னத் தீவில் கோடை விடுமுறை: நாள் குறிப்பதிலிருந்து திரும்பிக் கரையேறும்வரை

மூன்று கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் கொண்ட தீவை ஒரே காலைப்பொழுதில் நடந்தே சுற்றிவிடலாம். ஊர் சுற்றப் போவதுபோல "முதல் நாள் இது, மறுநாள் அது" என்று பட்டியல் போட்டுக்கொண்டு போனால் இரண்டாம் நாள் மதியமே பட்டியல் தீர்ந்துவிடும். மிச்ச நாட்கள் சலிப்பிலோ வீண் அலைச்சலிலோ கழியும். சின்னத் தீவில் ஒரு நாளை நடத்துவது காற்று, கடல் ஏறி வற்றும் நேரம், வெயில், நன்னீர் என்ற நான்கும்தான். இந்த நான்கையும் கிளம்புவதற்கு முன்பே கணக்குப் பார்த்துவிட்டால், தீவில் கால் வைத்தபின் முடிவெடுக்க வேண்டியவை மிகக் குறைவு. நாம் ஓய்வு என்று தேடிப்போவது அதைத்தான்.

நாள் குறிப்பது

தரை சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். கடல் இரண்டிலும் மெதுவு. வடகோளத்தில் மிக நீண்ட பகல் ஜூன் 21-ஐ ஒட்டி வந்தாலும், மிதவெப்பப் பகுதிக் கடல்கள் நன்றாகச் சூடேறியிருப்பது ஆகஸ்ட், செப்டம்பரில். தென்கோளத்தில் அதே கணக்குப்படி பிப்ரவரி, மார்ச். ஆகவே கோடையின் தொடக்கத்தைவிடக் கடைசிப் பகுதியே நல்லது. நீர் வெதுவெதுப்பாக இருக்கும், வெயிலும் சற்றுத் தணிந்திருக்கும். ஒரே கவனம்: சீசன் முடியும் தறுவாயில் படகுகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவார்கள். புதிய கால அட்டவணை எந்தத் தேதியிலிருந்து என்று பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

நீரின் வெப்பநிலையை அலட்சியம் செய்யக் கூடாது. காற்றைவிட நீர் உடல் சூட்டை ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். 26 பாகை செல்சியஸுக்கு மேல் இருந்தால் நெடுநேரம் நீரில் கிடக்கலாம். 20 பாகை என்றால் குழந்தைகள் சீக்கிரமே நடுங்கத் தொடங்கிவிடுவார்கள். வெப்பமண்டலத் தீவுகளில் இந்தக் கவலை இல்லை. அங்கே முடிவு செய்வது பருவக்காற்று. அது தொடங்கக்கூடிய வாரங்களை ஒட்டி நாள் குறித்தால், அறையிலிருந்து மழை பார்த்துக்கொண்டிருக்க நேரும், படகும் ஓடாது.

அடுத்து நாள்காட்டியில் நிலவைப் பாருங்கள். பலர் விட்டுவிடும் படி இது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். நீரோட்டமும் வேகமாக இருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் குறைந்து நீரோட்டம் சாந்தமாக இருக்கும். நீர்முகமூடி மாட்டிக்கொண்டு பவளப்பாறை பார்க்க விரும்புகிறவர்களுக்கும், குழந்தைகளோடு நீரில் இறங்குகிறவர்களுக்கும் அஷ்டமி வாரம் பொருத்தம். நட்சத்திரங்களுக்காகப் போகிறீர்கள் என்றால் அமாவாசை வாரம்தான்.

எத்தனை நாள்? ஐந்து இரவு. போய்ச் சேரும் நாளில் பாதி பயணக் களைப்பில் போய்விடும். கடைசி நாளின் பாதி மூட்டை கட்டுவதில் போய்விடும். மூன்று இரவுக்குப் போனால் உடல் தளரத் தொடங்கும்போதே கிளம்ப வேண்டியிருக்கும்.

எந்தப் பக்கம் தங்குவது

தீவுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்று காற்று வந்து மோதும் பக்கம், மற்றது காற்று மறைவுப் பக்கம். மறைவுப் பக்கத்தில் கடல் அமைதி, நீர் தெளிவு, நீந்த வசதி. ஆனால் இரவில் புழுக்கமும் கொசுவும் அதிகம். காற்றுப் பக்கத்தில் நன்றாகத் தூங்கலாம், அறைக்குள் கொசு நிற்காது. கடலில் இறங்கத்தான் முடியாது. தீவு சிறியது என்றால் காற்றுப் பக்கம் தங்கி, நீந்துவதற்கு மறைவுப் பக்கம் நடந்து போவதே எங்கள் பரிந்துரை. பத்துப் பதினைந்து நிமிட நடைதானே. தூக்கம் கெட்டால் விடுமுறையே கெடும்.

முன்பதிவுக்கு முன் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரைக்கு அப்பால் வெள்ளைக் கோடாகத் தெரிவது அலை உடையும் பாறை விளிம்பு. வெளிர் நீலப்பச்சை ஆழமற்ற மணல். கரும்பட்டைகள் பவளப்பாறை அல்லது கடற்புல். விடுதியின் முன்னால் நூறு மீட்டருக்குச் சேற்றுத்திட்டு தெரிந்தால், கடல் வற்றும் நேரத்தில் "கடலோர அறை" சேற்றோர அறையாகிவிடும்.

விடுதிக்காரரிடம் நான்கு கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மின்சாரம் எத்தனை மணி நேரம்? குழாய்நீர் எங்கிருந்து வருகிறது, குடிக்கலாமா? படகுத்துறையிலிருந்து எவ்வளவு தூரம், மூட்டையை யார் சுமப்பது? பணமாகத்தான் கட்ட வேண்டுமா? பல சின்னத் தீவுகளில் ஏடிஎம் கிடையாது. இருந்தாலும் இணையம் அறுந்தால் அட்டை வேலை செய்யாது. முழுச் செலவில் பாதியையாவது ரொக்கமாக எடுத்துச் செல்லுங்கள்.

நன்னீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மணலும் பவளச் சுண்ணாம்பும் சேர்ந்த தீவுகளில், தரைக்கடியில் கடல்நீரின்மேல் மழைநீர் ஒரு வில்லை போல மிதக்கிறது. உப்புநீரைவிட நன்னீர் எடை குறைந்தது என்பதே காரணம். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். தலைகீழாகவும் அதே கணக்கு. மேலே பத்து சென்டிமீட்டர் இறங்கினால், கீழே நான்கு மீட்டர் போய்விடும். கோடையில் மழை இல்லை, தண்ணீர் இறைப்பவர்களோ அதிகம். கிணறு உப்பாவது இப்படித்தான். பத்து நிமிடம் ஷவரில் நின்றால் 80 லிட்டருக்கு மேல் போகும். கடலிலிருந்து வந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் குளித்து உப்பைக் கழுவிக்கொண்டால் போதும்.

படகு

திரும்பும் படகுக்கும் விமானத்துக்கும் அல்லது தொலைதூர ரயிலுக்கும் இடையே ஒரு முழு இரவு இடைவெளி விடுங்கள். தீவுப் பயணங்களில் மிகச் செலவு வைக்கும் தவறு, ஒரே நாளில் இரண்டையும் கோப்பதுதான். காற்றுக்காகப் படகு நிற்கும். விமானம் உங்களுக்காக நிற்காது. அந்த உபரி இரவைக் கரையோர ஊரில் கழியுங்கள், தீவில் அல்ல.

முடிந்தவரை நாளின் முதல் படகில் ஏறுங்கள். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, அதன்மேல் காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று வீசத் தொடங்கும். மதியத்துக்குப் பின் அது வலுக்கும். காலை ஏழு மணிக்குக் கண்ணாடிபோல் இருந்த கடல், மூன்று மணிக்கு வெள்ளை நுரையோடு புரள்வது கோடையில் சாதாரணம். முன்னறிவிப்பில் காற்றின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குள் என்றால் சிறு படகுக்கும் இதமான பயணம். 20 முதல் 28 வரை ஆட்டம் உண்டு, நுரைத்தலைகள் நிறையத் தெரியும். 29-க்கு மேல் போனால் சிறு படகுகள் நிறுத்தப்படலாம் என்று எதிர்பார்த்து மாற்றுத் திட்டம் வைத்திருங்கள். நீரோட்டத்துக்கு எதிராகக் காற்று வீசும்போது, அதே வேகக் காற்றிலும் அலை செங்குத்தாகவும் நெருக்கமாகவும் எழும்.

குமட்டல் வருகிறவர்கள் பெரிய படகில் கீழ்த்தளத்தின் நடுவில் உட்கார வேண்டும். படகு ஊஞ்சல்போல ஆடும்போது அதன் அச்சு அங்கேதான், ஆட்டம் குறைவு. வேகப்படகில் முன்பகுதி அலையில் அறைந்து அறைந்து விழும். முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அங்கே உட்காரவே கூடாது. கடைசி வரிசையில் எஞ்சின் புகை. நடுவுக்குச் சற்றுப் பின்னே சரியான இடம். பார்வை அடிவானத்தில் இருக்கட்டும், போனை உள்ளே வையுங்கள். காதின் உள்பகுதியும் கண்ணும் வேறுவேறு சேதி சொல்வதால் வருவது இந்தக் குமட்டல். மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற மாத்திரைகளைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கியபின் போட்டால் வயிற்றில் தங்காது. இவை தூக்கம் வரவழைக்கும். வேறு மருந்து எடுக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து, பணம், அடையாள அட்டை, சார்ஜர், ஒரு செட் உடை ஆகியவை தண்ணீர் புகாத பையில் உங்கள் மடியிலேயே இருக்கட்டும். பெரிய மூட்டைகள் திறந்த மேல்தளத்தில் நனைவது வழக்கம். உள்ளே துணிகளைத் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-மணி அளவுதான். விமானத்தில் கைப்பையில் அனுமதிக்கப்படும் 100 வாட்-மணி எல்லைக்குள் வரும்.

வெயில் கணக்கு

சன்ஸ்கிரீன் தடவியும் தோல் உரிவதற்குப் பெரும்பாலும் காரணம் அளவு போதாததுதான். புட்டியில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், அதாவது வெயிலைத் தடுக்கும் அளவைக் காட்டும் எண், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவிச் சோதித்த எண். வளர்ந்தவர் உடல் முழுக்க அந்த அளவில் தடவ ஒரு முறைக்குச் சுமார் 30 மில்லி வேண்டும். பலர் அதில் பாதிகூடத் தடவுவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீரிலிருந்து ஏறித் துடைத்ததும் மறுபடி தடவ வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று முறை, ஐந்து நாளைக்கு என்று பெருக்கினால் ஆளுக்கு 450 மில்லி! முழுக்கை நீச்சல் சட்டையும் முழங்கால்வரை கால்சட்டையும் அணிந்தால் முகம், கழுத்து, கை, முழங்காலுக்குக் கீழே கால் மட்டும் மிஞ்சும். 150 மில்லியில் முடிந்துவிடும். பணமும் மிச்சம், கடலில் கரைவதும் குறைவு. பவளத்தைக் காக்க, ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையைப் பலாவ் 2020-லும் ஹவாய் 2021-லும் தடை செய்தன. அவை இல்லாமல் துத்தநாக ஆக்சைடு உள்ளதாகப் பார்த்து வாங்கினால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

நிழலில் இருந்தாலும் முழுப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். உலர்ந்த கடற்கரை மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கும். அரை மீட்டர் ஆழ நீருக்குள்கூட மேற்பரப்பில் உள்ளதில் 40 சதவீதம் இறங்கும். முகமூடியோடு குப்புற மிதக்கிறவர்களின் முதுகும் முழங்காலுக்குப் பின்புறமும் கருகுவது இதனால்தான். கடிகாரம் தேவையில்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் வரை வெயில் கடுமை. அந்த நேரம் முழுக்க மரத்தடி, தூக்கம், வாசிப்பு. இந்த விடுமுறையின் நடுத்தூண் அந்த நான்கைந்து மணி நேரம்தான், அதில் எந்தத் திட்டமும் வைக்காதீர்கள்.

தூளிப்படுக்கை கட்டுவது

அந்த நடுப்பகலுக்கு ஹேமக் என்கிற தூளிப்படுக்கையைவிட நல்ல துணை கிடையாது. ஆனால் பெரும்பாலானவர்கள் அதை விறைப்பாக இழுத்துக் கட்டி, அரை மணியில் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்கள். மூன்று மீட்டர் நீளப் படுக்கைக்கு நான்கு மீட்டர் இடைவெளியில் உயிருள்ள, தொடையைவிடத் தடித்த இரண்டு மரங்கள் வேண்டும். பட்டையை அறுக்காதபடி ஐந்து சென்டிமீட்டர் அகல நாடாவைத் தரையிலிருந்து 1.7 மீட்டர் உயரத்தில் சுற்றுங்கள். நாடா கிடைக்கோட்டிலிருந்து 30 பாகை சாய்ந்து வர வேண்டும். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் துப்பாக்கிபோல் விரித்து, சுட்டுவிரலைக் கிடையாகப் பிடித்தால், இரண்டு விரல்நுனிகளையும் இணைக்கும் கோடு ஏறக்குறைய அந்தச் சாய்வு. உட்காரும் இடம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர், நாற்காலி உயரம்.

ஏன் 30 பாகை? 70 கிலோ ஆள் படுத்தால் அந்தச் சாய்வில் ஒவ்வொரு நாடாவிலும் 70 கிலோ இழுவிசைதான் வரும். விறைப்பாக இழுத்து 10 பாகையில் கட்டினால் அதே ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 200 கிலோ. நாடா அறுவதும் முடிச்சு நழுவுவதும் அப்போதுதான். தொய்வாகக் கட்டி, நேராகப் படுக்காமல் குறுக்குச்சாய்வாக, தலை ஒரு ஓரம் கால் மறு ஓரம் என்று படுங்கள். துணி தட்டையாகி முதுகு நேராகிவிடும். காய்த்த தென்னைகளின் கீழே கட்டவே கட்டாதீர்கள்.

கடலில் இறங்குவது

கடல் ஏறி வற்றும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் 12 மணி 25 நிமிடம். நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். மத்தியதரைக் கடலின் பெரும்பாலான கரைகளில் வேறுபாடு ஒரு முழத்துக்கும் குறைவு, அங்கே இந்தக் கணக்கு தேவையில்லை. மற்ற இடங்களில் மணல்திட்டு வழியே அடுத்த குட்டித்தீவுக்கு நடந்து போகிறவர்கள் இதை அறிந்தே ஆக வேண்டும், ஏனென்றால் கடல் ஒரே சீராக ஏறுவதில்லை. மொத்த ஏற்றம் 2.4 மீட்டர் என்றால் முதல் மணியில் 20 சென்டிமீட்டர், இரண்டாவதில் 40, மூன்றிலும் நான்கிலும் தலா 60, ஐந்தில் 40, ஆறில் 20. முதல் மணியில் கணுக்கால் அளவு ஏறியதைப் பார்த்து "இன்னும் நேரம் இருக்கிறது" என்று உட்கார்ந்தவர்களுக்கு, மூன்றாம் மணி முடியும்போது இடுப்புக்கு மேல் நீர். கடல் முழுதாக வற்றுவதற்கு ஒன்றரை மணி முன்பு கிளம்பி, வற்றும் நேரத்திலேயே திரும்ப நடக்கத் தொடங்குங்கள்.

கரையிலிருந்து அலைகளை ஐந்து நிமிடம் பார்த்த பிறகு இறங்குங்கள். இருபுறமும் அலை உடைந்து, நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல் கருமையாக, நுரையும் மணலும் கடல் பக்கமாக ஓடினால் அது இழுவையோட்டம். பார்க்க அமைதியாக இருப்பதால் அங்கேயே இறங்குகிறார்கள். வலுவான ஓட்டம் நொடிக்கு 2.4 மீட்டர் வரை அளக்கப்பட்டிருக்கிறது. நூறு மீட்டர் போட்டியில் உலகின் வேகமான நீச்சல் வீரர்களின் சராசரி வேகமே 2.1 சுமார்தான், எதிர்த்து நீந்தி யாரும் ஜெயிக்க முடியாது. அது ஆளை வெளியே இழுக்கும், அடியில் அமுக்காது. மல்லாந்து மிதந்து மூச்சைச் சரிசெய்து, கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடம் வந்தபின் கரைக்குத் திரும்புங்கள்.

நீர்முகமூடியை வாங்கும்போதே சோதிக்க வேண்டும். பட்டையை மாட்டாமல் முகத்தில் பொருத்தி மூக்கால் இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. நீர் கசிந்தால் பட்டையை இறுக்குவது தவறு. இறுக்க இறுக்க ரப்பர் மடிந்து கசிவு கூடும். உள்ளே முடி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மீசையும் ஒரு காரணம். புதுக் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் இருக்கும். ஜெல் அல்லாத வெள்ளைப் பற்பசையால் உள்பக்கத்தை இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவினால் பனி படராது. பவளத்தின்மேல் நிற்கவோ தொடவோ கூடாது. உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்கூட வளராதவை, ஒரு மிதியில் உடைவது பல ஆண்டு வளர்ச்சி. தனியாகப் போகாதீர்கள்.

கடி, கொட்டு, வயிறு

மணல் தரையில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப்போகும். திருக்கை குத்தினாலும் கடல் முள்ளெலி குத்தினாலும், பொறுக்கக்கூடிய அளவு சூட்டில், 45 பாகைக்கு மிகாமல், அரை மணிக்கு மேல் வெந்நீரில் வையுங்கள், வலி அடங்கும். திருக்கை முள் மார்பிலோ வயிற்றிலோ பாய்ந்திருந்தால் பிடுங்காமல் உடனே மருத்துவ உதவி தேட வேண்டும். சொறி எனப்படும் ஜெல்லிமீன் பட்டால் தேய்க்காதீர்கள், நன்னீர் ஊற்றாதீர்கள். வெடிக்காத கொட்டு செல்களும் வெடித்துவிடும். கடல்நீரால் கழுவி இழைகளை எடுங்கள். கொடிய நஞ்சுள்ள பெட்டி ஜெல்லிமீன் உள்ள வெப்பக் கடல்களில் வினிகரை அரை நிமிடமாவது ஊற்ற வேண்டும். அங்கே ஒரு புட்டி பையில் இருக்கட்டும். நாக்கு, உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ காத்திருக்காமல் தீவின் மருத்துவரைத் தேடுங்கள். அவர் எங்கே என்பதை முதல் நாள் மாலையே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆளுக்கு நான்கு. தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கொசு விரட்டியைச் சன்ஸ்கிரீன் தடவிக் காய்ந்த பிறகு அதன்மேல் தடவுங்கள், முன்பு அல்ல.

இரவு

சின்னத் தீவின் இரவை விளக்குப் போட்டுக் கெடுக்காதீர்கள். கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒருமுறை போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. சிவப்பு விளக்கு மட்டும் போதும். ஆமை முட்டையிடும் கரைகளில் அதையும் அணைத்துவிடுங்கள், குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பி ஊர்ந்துபோகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை முன்னிரவில் விருச்சிகமும் தனுசும் தெரியும். விருச்சிகத்தின் நடுவில் செம்மையாக மினுங்குவது கேட்டை. தனுசின் பக்கம் பால்வீதி மிக அடர்த்தியாக இருக்கும், நமது விண்மீன் மண்டலத்தின் மையம் அந்தத் திசையில்தான். நிலவில்லா இரவில் ஆழமற்ற நீரில் கையை அளைந்து பாருங்கள். நுண்ணுயிர்கள் நிறைந்த நீராக இருந்தால் விரல்களுக்கிடையே நீலப் பொறிகள் சிதறும். அவை அசைக்கப்படும்போது மட்டும் ஒளிர்கின்றன. அதனால் நின்ற நீர் கருமையாகவே இருக்கும்.

திரும்புவது

முந்தின நாள் மாலை படகுத்துறைக்கே நடந்துபோய் மறுநாள் படகு உண்டா என்று உறுதி செய்யுங்கள். போனில் பழைய தகவல் இருக்கலாம். காற்று உருளையோடு கடலில் முழுகும் ஸ்கூபா செய்தவர்கள் கடைசி முழுக்குக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரம் விட வேண்டும், ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரம் தேவை. காலி பேட்டரி, பிளாஸ்டிக் எல்லாம் உங்களோடு கரைக்கே வரட்டும், சின்னத் தீவில் குப்பைக்குப் போக்கிடம் கிடையாது. முகமூடியை நன்னீரில் அலசி நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் ரப்பர் வெடிக்கும், உப்போடு மூட்டை கட்டினால் அடுத்த கோடைக்குள் கொக்கிகள் இறுகிப்போயிருக்கும்.